நோயாளியின் சொல்லை அளவாக்கும் பயிற்சி: சன்னிவேல் தமிழ் முதியோரை முன்வைத்து

முழங்கால் மாற்று அறுவைச் சிகிச்சை வெற்றி பெற்றதா என்பதை எக்ஸ்ரே படம் ஓரளவுக்கே சொல்லும். செயற்கை மூட்டு சரியான கோணத்தில் பொருந்தியிருப்பதைப் படம் காட்டினாலும், அந்த மூட்டை உடையவரால் மாடிப்படி ஏற முடிகிறதா, இரவில் வலியின்றித் தூங்க முடிகிறதா, பிறர் துணையின்றிக் கடைக்குப் போய்வர முடிகிறதா என்பனவற்றை அவரே சொல்லியாக வேண்டும். நோயும் சிகிச்சையும் ஒருவருடைய உடலியக்கம், மனநிலை, அன்றாட வேலை, உறவுகள் ஆகியவற்றில் உண்டாக்கும் விளைவை அவருடைய பார்வையிலிருந்தே மதிப்பிடுவதற்கு உடல்நலம் சார்ந்த வாழ்க்கைத் தர அளவீடு என்று பெயர். மருத்துவரோ உறவினரோ இடையில் புகுந்து விளக்கம் தராமல் நோயாளியே நேராகத் தரும் இத்தகைய தகவலை, நோயாளி தெரிவிக்கும் விளைவு என்று மருத்துவ உலகம் குறிப்பிடுகிறது.

இத்தகவல் சிகிச்சையின் ஓரத்தில் சேர்த்துக்கொள்ளப்படும் உபரிக் குறிப்பு என்ற எண்ணம் மருத்துவத்தில் நெடுங்காலம் இருந்தது. நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மையத்தில் ஈதன் பாஷ் தலைமையில் நடந்த ஒரு சோதனை அந்த எண்ணத்தை அசைத்தது. பரவிய நிலைப் புற்றுநோய்க்குக் கீமோதெரபி பெற்றுவந்த 766 பேரில் ஒரு பிரிவினர் வாந்தி, வலி, மூச்சுத்திணறல் போன்ற தொல்லைகளை இணையவழியே தாமே பதிவுசெய்தனர். தொல்லை கடுமையானபோது செவிலியருக்கு உடனே அறிவிப்புச் சென்றது. 2017 இல் வெளியான முடிவின்படி, வழக்கமான கவனிப்பைப் பெற்ற பிரிவினரின் இடைநிலை வாழ்நாள் 26.0 மாதங்களாக இருக்க, தம் நிலையைத் தாமே பதிவுசெய்தவர்களுடையது 31.2 மாதங்களாக இருந்தது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் புதிய மருந்துகளின் மதிப்பீட்டில் நோயாளியின் கூற்றை எவ்வாறு பயன்படுத்துவது என்ற வழிகாட்டுதலை 2009 இலேயே வெளியிட்டிருந்தது. 2024 ஜூலை முதல், முதியோருக்கான அமெரிக்க அரசின் மெடிகேர் காப்பீட்டில் உள்நோயாளியாகச் சேர்ந்து இடுப்பு அல்லது முழங்கால் மூட்டு மாற்றிக்கொள்வோரின் நிலையை, அறுவைக்கு முன்னும் பின்னும் அவர்களிடமே கேட்டு அறிக்கையிடுவது மருத்துவமனைகளுக்குக் கட்டாயமாகியுள்ளது.

இவ்வாறு நோயாளியின் சொல் மருந்தின் ஒப்புதலையும் மருத்துவமனையின் தரத்தையும் முடிவுசெய்யும் எண்ணாக மாறிவரும் காலத்தில், அந்தச் சொல்லைக் கேட்டு வாங்குபவருக்கு என்ன பயிற்சி இருக்கிறது என்ற கேள்வி முதன்மை பெறுகிறது. வினாப்படிவம் எவ்வளவு நுட்பமாக அமைக்கப்பட்டிருந்தாலும், கேட்கும் முறை பிழையானால் கிடைக்கும் எண்ணும் பிழையாகும். கலிபோர்னியாவின் சாண்டா கிளாரா மாவட்டத்திலுள்ள சன்னிவேல் போன்ற ஊரில், மகனோடும் மகளோடும் வந்து வாழும் தமிழ் முதியோரை முன்வைத்துப் பார்க்கும்போது இவ்வுண்மை தெளிவாகத் துலங்குகிறது.

ஸ்டான்ஃபோர்டில் பிறந்த அளவுகோல்

இத்துறையின் முன்னோடி அளவுகோல்களுள் ஒன்று சன்னிவேலுக்கு மிக அருகிலேயே பிறந்தது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் ஃப்ரைஸும் அவருடைய குழுவினரும் மூட்டுவாத நோயாளிகளுக்காக உருவாக்கிய உடல்நல மதிப்பீட்டு வினாப்படிவம் 1980 இல் வெளியானது. உடுத்துதல், எழுந்திருத்தல், உண்ணுதல், நடத்தல், உடல் தூய்மை, எட்டி எடுத்தல், பற்றிப் பிடித்தல், வெளிவேலைகள் என்னும் எட்டு வகைகளில் 20 செயல்களைக் குறித்து, கடந்த ஒரு வாரத்தில் அவற்றைச் செய்வதில் இருந்த சிரமத்தை அது கேட்கிறது. சிரமமே இல்லையெனில் 0, செய்யவே இயலவில்லையெனில் 3 என்ற வரிசையில் விடைகள் எண்ணாகின்றன. எளிமையான இந்த அமைப்பு உலகெங்கும் முடக்குவாத ஆய்வின் அடிப்படைக் கருவிகளுள் ஒன்றாயிற்று.

ஆனால் அந்த 20 செயல்களும் ஓர் அமெரிக்க வீட்டுக்குள் நிகழ்பவை. புதிய பால் அட்டைப்பெட்டியைத் திறப்பது, குளியல் தொட்டியில் குளிப்பது, தரைவிரிப்பை வாக்குவம் கருவியால் சுத்தம் செய்வது போன்றவற்றை அது கேட்கிறது. தரையில் அமர்ந்து உண்பவருக்கும், குந்தி அமரும் கழிப்பறையைப் பயன்படுத்துபவருக்கும் மூட்டுவாதம் எதைப் பறிக்கிறது என்பதை இக்கேள்விகள் தொடுவதில்லை. இக்குறையை உணர்ந்த டெல்லி ஆய்வாளர்கள் 2002 இல் இந்திய வடிவம் ஒன்றை வெளியிட்டனர். 12 கேள்விகள் கொண்ட அவ்வடிவம் சேலையோ வேட்டியோ கட்டிக்கொள்ள முடிகிறதா, குந்தி உட்காரவோ சம்மணமிட்டு அமரவோ முடிகிறதா, ஆட்டோ ரிக்‌ஷாவில் ஏறி இறங்க முடிகிறதா, மூன்று கிலோமீட்டர் நடக்க முடிகிறதா, காய்கறிச் சந்தைக்குப் போய்வர முடிகிறதா என்று கேட்கிறது. ஸ்டான்ஃபோர்டின் அளவுகோலும் டெல்லியின் அளவுகோலும் அளக்க முயல்வது ஒரே இயலாமையையே. அந்த இயலாமை எந்தச் செயலில் வெளிப்படும் என்பதை நோயாளியின் வாழ்க்கைமுறை தீர்மானிக்கிறது.

சன்னிவேலில் வாழும் தமிழ் முதியவர் இவ்விரு வாழ்க்கைமுறைகளுக்கும் நடுவில் நிற்கிறார். அவருடைய வீட்டில் மேற்கத்தியக் கழிப்பறை இருக்கிறது. ஆட்டோ ரிக்‌ஷா இல்லை. ஆனால் கோயிலில் தரையில் அமர்வதும், பூசையறையில் சம்மணமிடுவதும், பேரக்குழந்தையோடு தரையில் விளையாடுவதும் அவருடைய நாளின் உயிர்ப்பான பகுதிகள். மூட்டு மாற்று அறுவைக்காக இன்று பரவலாகப் பயன்படும் ஏழு கேள்விகள் கொண்ட முழங்கால் வினாப்படிவம் மாடிப்படி ஏறுவதையும், உட்கார்ந்த நிலையிலிருந்து எழுவதையும், தரையில் கிடப்பதைக் குனிந்து எடுப்பதையும் கேட்கிறது, சம்மணமிடுவதைக் கேட்பதில்லை. எனவே படிவத்தில் நல்ல மதிப்பெண் பெற்ற ஒருவர் தமக்கு மிக வேண்டிய ஒன்றை இழந்தவராகவும் இருக்கக்கூடும். தரப்படுத்தப்பட்ட கேள்விகளை மாற்றாமல் கேட்டு முடித்தபின், படிவத்தில் இல்லாத இழப்புகளைத் தனிக் குறிப்பாக எழுதி மருத்துவரிடம் சேர்ப்பது பயிற்சி பெற்றவர் கற்றிருக்க வேண்டிய முதல் பாடம்.

சென்னை தந்த முறை

வாழ்க்கைத் தர அளவீட்டில் தமிழ்நாட்டுக்கும் ஓர் இடமுண்டு. உலக சுகாதார நிறுவனம் 1991 இல் தொடங்கிய வாழ்க்கைத் தரத் திட்டம், ஒரு மொழியில் எழுதிய படிவத்தைப் பிற மொழிகளுக்கு மாற்றும் பழைய வழியைக் கைவிட்டு, உலகின் 15 மையங்களில் ஒரே நேரத்தில் கருவியை உருவாக்கியது. அவற்றுள் இரண்டு இந்தியாவில் இருந்தன: ஒன்று புதுடெல்லி, மற்றொன்று சென்னை. மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் மருத்துவர் எஸ். ராஜ்குமாரும் உடன்பணியாற்றியோரும் சென்னை மையத்தின் பணியை மேற்கொண்டனர்.

அத்திட்டத்தின் செயல்முறை பயிற்சியாளர்கள் ஊன்றிக் கற்கத்தக்கது. ஒவ்வொரு மையத்திலும் நோயாளிகளும் நலமாக உள்ளோரும் மருத்துவப் பணியாளர்களும் தனித்தனிக் குழுக்களாக அமர்ந்து, நல்ல வாழ்க்கை என்பதில் எவையெல்லாம் அடங்கும் என்று பேசினர். கேள்விகள் அப்பேச்சிலிருந்து உருவாயின. விடைச் சொற்களையும் அகராதியிலிருந்து எடுக்கவில்லை. ‘கொஞ்சம்கூட இல்லை’ என்ற கருத்து ஒரு முனையிலும் ‘மிக மிக அதிகம்’ என்ற கருத்து மறுமுனையிலும் நிற்கும் 10 சென்டிமீட்டர்க் கோட்டில், இடைப்பட்ட ஒவ்வொரு சொல்லும் எந்த இடத்தில் விழும் என்று உள்ளூர் மக்களையே குறிக்கச் சொல்லி, கால், அரை, முக்கால் தூரங்களுக்கு அருகில் விழுந்த சொற்களைத் தேர்ந்தனர். சொல்லின் எடையை அதைப் பேசும் மக்களே நிறுத்துத் தந்தமையால், ஐந்து விடைகளுக்கிடையே உள்ள தூரம் எல்லா மொழிகளிலும் ஏறத்தாழச் சமமாயிற்று. பின்னர் மையம் ஒன்றுக்குச் சுமார் 300 பேரிடம் கேள்விகள் சோதிக்கப்பட்டு நூறு கேள்விகள் கொண்ட படிவம் உருவானது. அதன் சுருக்கமாக 26 கேள்விகள் கொண்ட படிவம் 1998 இல் வெளிவந்தது.

விடைச் சொற்களைத் தேர்ந்த விதத்தை அறிந்தவர், கேட்கும் இடத்தில் அவற்றைத் தம் விருப்பப்படி மாற்றமாட்டார். ‘மிதமாக’ என்று அச்சிட்டிருப்பதைப் பேச்சுவழக்கில் ‘பரவாயில்லையா’ என்று கேட்டுவிட்டால், கோட்டின் நடுவில் இருந்த புள்ளி நலத்தின் பக்கம் நகர்ந்துவிடும். ஏனெனில் தமிழ் முதியோரின் பேச்சில் ‘பரவாயில்லை’ என்பது வலியைச் சொல்லவும் மறைக்கவும் ஒருசேரப் பயன்படும் சொல். சென்னை அடையாறு புற்றுநோய் நிறுவனத்தின் உளவியல் புற்றுநோயியல் துறை அங்குள்ள நோயாளிகளின் வாழ்க்கைக்கேற்பத் தனி வினாப்படிவம் ஒன்றை உருவாக்கியதும் இந்த நுட்பத்தை மதித்ததன் விளைவே ஆகும்.

கேட்பவர் கற்க வேண்டியவை

அளவீட்டில் கேட்பவரின் பங்கை ஆய்வுகள் ஐயமின்றிக் காட்டியுள்ளன. பர்மிங்ஹாம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பிரிட்டனின் மருத்துவச் சோதனைகளில் பணிபுரியும் செவிலியரையும் பிறரையும் நேர்கண்டு 2013 இல் வெளியிட்ட ஆய்வு, நோயாளி உதவி கேட்டால் என்ன செய்வது, கவலைக்குரிய விடை தந்தால் யாரிடம் சொல்வது என்பவற்றில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக நடந்துகொண்டதையும், அதற்கான பயிற்சியும் வழிகாட்டுதலும் போதாமலிருந்ததையும் வெளிப்படுத்தியது. ஒரே சோதனைக்குள்ளேயே பலவிதமாகக் கேட்டு வாங்கிய விடைகளைச் சேர்த்துச் சராசரி காண்பது அறிவியலின் அடித்தளத்தையே பலவீனப்படுத்தும்.

ஆகவே பயிற்சியின் உள்ளடக்கம் வரையறுக்கத்தக்கது. கேள்வியை அச்சிட்டவாறே, ஒரே தொனியில், தலையசைப்போ முகமாற்றமோ விடையைத் தூண்டாதபடி படிக்க வேண்டும். ‘இதற்கு என்ன அர்த்தம்?’ என்று நோயாளி கேட்டால் விளக்கம் சொல்லாமல் கேள்வியை மீண்டும் படித்து, அவருக்கு எவ்வாறு பொருள்படுகிறதோ அவ்வாறே விடையளிக்கச் சொல்ல வேண்டும். மருத்துவரைச் சந்தித்தபின் கேட்டால் அவர் சொன்ன செய்தி விடையைச் சாய்க்கும் என்பதால், படிவத்தைச் சந்திப்புக்கு முன்பே நிரப்புவது நன்று. காலவரம்பையும் பிறழாமல் நினைவூட்ட வேண்டும்: ஐந்து கூறுகளைக் கொண்ட யூரோகோல் படிவம் இன்றைய நிலையைக் கேட்கிறது, ஐரோப்பியப் புற்றுநோய் ஆய்வமைப்பின் 30 கேள்விப் படிவம் கடந்த வாரத்தையும், உலக சுகாதார நிறுவனத்தின் படிவம் கடந்த இரு வாரங்களையும் கேட்கின்றன. நேரில் அல்லது தொலைபேசியில் ஒருவர் கேட்கும்போது மக்கள் தம் நிலையைச் சற்று மேம்படுத்திச் சொல்வதும், தனியே தாளில் நிரப்பும்போது குறைகளைத் தயங்காமல் எழுதுவதும் பலமுறை பதிவாகியிருப்பதால், முதல் அளவீட்டில் கையாண்ட முறையையே அடுத்த அளவீட்டிலும் கையாள வேண்டும்.

விடுபட்ட விடைகளும் பயிற்சிக்குரியவை. நோயாளி களைத்துப்போனதால் விட்டாரா, கேள்வி புண்படுத்தியதால் விட்டாரா, பக்கத்தைத் திருப்ப மறந்தாரா என்ற காரணத்தைப் பதிவுசெய்யாவிட்டால், மிகவும் நலிந்தோரின் விடைகளே மிகுதியாக மறைந்துபோய், எஞ்சியவை உள்ளதைவிட நலமான சித்திரத்தைத் தரும். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் போன்ற விடை வரும்போது படிவத்தை மடித்துக் கோப்பில் வைத்துவிடாமல் அதே நாளில் யாரிடம், எவ்வழியில் தெரிவிப்பது என்பது முன்கூட்டியே வகுக்கப்பட்டிருக்க வேண்டும்.

பிள்ளைகள் விடை சொல்லும்போது

சன்னிவேல், மவுண்டன் வியூ, குப்பர்டினோ வட்டாரத்தில் தமிழ் முதியவரின் மருத்துவச் சந்திப்பு பெரும்பாலும் பிள்ளைகளின் ஏற்பாட்டில் நிகழ்கிறது. கார் ஓட்டுவதும், காப்பீட்டு எண்ணைச் சொல்வதும், ஆங்கிலத்தில் பேசுவதும் அவர்களே. இந்த அன்பான ஏற்பாட்டினுள் அளவீட்டுக்குரிய ஓர் இடர் அமைந்திருக்கிறது. நோயாளிக்காக வேறொருவர் தரும் விடையைப் பதிலி விடை என்பர். கண்ணுக்குத் தெரியும் நடை, உணவு, உடை போன்றவற்றில் பதிலியின் மதிப்பீடு நோயாளியுடையதற்கு ஓரளவு நெருங்கிவருவதையும், மனத்துயர், வலி, தனிமை போன்ற உள்நிலைகளில் விலகிப்போவதையும் 1990களிலிருந்தே ஆய்வுகள் காட்டிவருகின்றன. பிள்ளைகளின் விடை கெட்ட எண்ணத்தால் பிழையாவதில்லை. அவர்கள் காண்பது தாய் தந்தையர் காட்ட விரும்பும் முகத்தை.

உலக சுகாதார நிறுவனத்தின் 26 கேள்விகளை இச்சூழலில் வைத்துப் பார்த்தால் இடரின் ஆழம் விளங்கும். தாம்பத்திய வாழ்வில் நிறைவு, உறவுகளில் நிறைவு, கவலையும் மனச்சோர்வும் எத்தனைமுறை வருகின்றன என்பன போன்ற கேள்விகள் அதில் உள்ளன. மகளோ மருமகனோ மொழிபெயர்க்க, எழுபது வயதுத் தாய் இவற்றுக்கு உண்மையான விடை சொல்வது அரிது. தம்மால் பிள்ளைகளுக்குத் தொல்லை என்ற எண்ணத்தை அப்பிள்ளையின் வாய்வழியே மருத்துவரிடம் சொல்வது அதனினும் அரிது. அதே படிவத்தில் போக்குவரத்து வசதி பற்றிய கேள்வியும், ஓய்வுப்பொழுதுக்கான வாய்ப்பு, நண்பர்களின் ஆதரவு பற்றிய கேள்விகளும் இருக்கின்றன. காரின்றி எங்கும் செல்ல இயலாத புறநகரில், வாகனம் ஓட்டத் தெரியாத முதியவரின் வாழ்க்கைத் தரத்தைக் குறைக்கும் காரணம் மூட்டில் இல்லாமல் சாலையில் இருக்கக்கூடும். தனியே, தமிழில், பொறுமையாகக் கேட்டால் மட்டுமே இது வெளிப்படும்.

நோயாளிக்கு மொழியுதவி தர வேண்டும் என்று அமெரிக்கச் சட்டம் சொல்கிறது. நெருக்கடி நேரம் தவிர, சிறுவர்களை மொழிபெயர்ப்பாளராக்குவதையும் தடுக்கிறது. கலிபோர்னியாவில் காப்பீட்டு நிறுவனங்கள் மொழியுதவி வழங்க வேண்டும் என்ற மாநிலச் சட்டம் 2003 இல் நிறைவேறியது. எனினும், மருத்துவ மொழிபெயர்ப்பாளருக்குச் சான்றளிக்கும் அமெரிக்காவின் இரு தேசிய அமைப்புகளும் மொழிவாரியாக வாய்மொழித் தேர்வு நடத்தும் சில மொழிகளுள் தமிழ் இல்லை. தெற்காசியரின் இதய நலத்தைச் சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியிலும் சிகாகோ பகுதியிலும் ஆராயும் மசாலா என்னும் நெடுங்கால ஆய்வு, 2010 இல் தொடங்கி 906 பேரைச் சேர்த்தபோது, ஆங்கிலமோ இந்தியோ உருதுவோ அறிந்தவர்களையே சேர்த்துக்கொண்டது. தமிழ் மட்டுமே அறிந்த முதியவர் அத்தகைய ஆய்வின் எண்களுக்கு வெளியே நிற்கிறார். அவருக்காக வகுக்கப்படும் பரிந்துரைகளும் அவரைக் கேளாமலே வகுக்கப்படுகின்றன.

எண்ணைப் படிக்கும் திறன்

கேட்டு வாங்கிய எண்ணைப் படிக்கத் தெரியாவிட்டால் கேட்டதன் பயன் முழுமையாகாது. ஒவ்வொரு கருவியின் எண்ணும் ஒவ்வொரு திசையில் செல்கிறது. ஃப்ரைஸின் படிவத்தில் எண் உயர்ந்தால் நிலை மோசம். ஐரோப்பியப் புற்றுநோய்ப் படிவத்தில் செயல்திறன் பகுதியின் உயர்ந்த எண் நலத்தையும், அறிகுறிப் பகுதியின் உயர்ந்த எண் துன்பத்தையும் குறிக்கின்றன. அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்கள் 2004 இல் தொடங்கிய ப்ராமிஸ் திட்டத்தில் ஸ்டான்ஃபோர்டும் ஒரு முதன்மை ஆய்வு மையமாக விளங்கியது. அதன் எண்களில் 50 என்பது சராசரியாகவும் 10 என்பது திட்டவிலக்கமாகவும் அமைகின்றன. அச்சராசரி அமெரிக்கப் பொதுமக்களை ஒட்டியது. சன்னிவேல் முதியவரின் எண்ணை அதனோடு ஒப்பிடும்போது, ஒப்பீட்டின் மறுபக்கத்தில் நிற்பவர் யார் என்ற நினைவு படிப்பவருக்கு வேண்டும்.

எத்தனை புள்ளி மாறினால் நோயாளி அதை உண்மையான மாற்றமாக உணர்வார் என்பதும் கற்கத்தக்கது. புற்றுநோய்ப் படிவத்தின் நூறு புள்ளி அளவில் 5 முதல் 10 வரையிலான மாற்றத்தைச் சிறியதென்றும், 10 முதல் 20 வரை மிதமானதென்றும், 20க்கு மேல் பெரியதென்றும் நோயாளிகளே உணர்ந்ததை 1998 இல் வெளியான ஆய்வு காட்டியது. இதனோடு, நோயோடு பழகப் பழக ஒருவருடைய உள் அளவுகோலே மாறிவிடும் நிகழ்வையும் கருத வேண்டும். ஓராண்டுக்கு முன் தாங்க முடியாதது என்று குறித்த அதே வலியை இன்று மிதமானது என்று ஒருவர் குறிக்கலாம். வலி குறைந்ததா, வலியை அளக்கும் மனம் மாறியதா என்பதை எண் மட்டும் சொல்லாது. பிறந்த ஊரை விட்டு அயல்நாட்டில் முதுமையைக் கழிப்பவரிடம் இந்த மாற்றம் நோயால் மட்டுமன்றி, இடம்பெயர்ந்த வாழ்வாலும் நேரக்கூடும்.

சன்னிவேலில் இயலக்கூடியது

தேவையான கூறுகள் அனைத்தும் இந்த வட்டாரத்தில் சிதறிக் கிடக்கின்றன. நோயாளியின் வலி, தூக்கம், மனநிலை ஆகியவற்றைச் சந்திப்புக்கு முன்பே கணினியில் கேட்டுப் பதியும் அமைப்பை ஸ்டான்ஃபோர்டின் வலி மருத்துவ மையம் 2012 முதல் நடத்திவருகிறது. மவுண்டன் வியூவின் எல் கமினோ மருத்துவமனையில் தெற்காசியருக்கான இதய மையம் 2006 முதல் இயங்குகிறது. மருத்துவப் பட்டம் இல்லாத, தாமும் மூட்டுவாதத்தால் துன்புற்ற பொதுமக்களைப் பயிற்றி, பிற நோயாளிகளுக்குத் தன்பராமரிப்பு வகுப்பெடுக்கச் செய்ய முடியும் என்பதை ஸ்டான்ஃபோர்டின் கேட் லோரிக் பல பத்தாண்டுகளுக்கு முன்பே நிறுவிக்காட்டினார். தமிழ்ப் பள்ளிகளை வார இறுதிதோறும் தன்னார்வலர்களைக் கொண்டு நடத்தும் அனுபவம் இங்குள்ள தமிழருக்கு இருக்கிறது. கேள்விகளைத் தமிழில் எடைபோட்டுத் தேர்ந்த அனுபவம் சென்னைக்கு இருக்கிறது.

இவற்றை இணைக்கும் பயிற்சி நான்கு படிகளில் அமையலாம். முதலில் வாழ்க்கைத் தரம் என்னும் கருத்தையும் கருவிகளின் வரலாற்றையும் கற்பித்தல். அடுத்து, தமிழ் பேசும் தன்னார்வலர் ஒருவரையொருவர் கேட்டுப் பழகி, அப்பதிவுகளைத் திரும்பக் கேட்டுத் தம் தொனியையும் இடைச்செருகலையும் திருத்திக்கொள்ளுதல். மூன்றாவதாக, மறைகாப்பு, விடுபட்ட விடைகள், அவசர விடைகள் ஆகியவற்றுக்கான நெறிகளைப் பயிலுதல். இறுதியாக, எண்ணை மருத்துவருக்கும் நோயாளிக்கும் புரியுமாறு எடுத்துரைத்தல். இருவர் ஒரே நோயாளியிடம் தனித்தனியே கேட்டுப் பெற்ற விடைகள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதைச் சோதித்து, ஒத்துப்போகும்வரை பயிற்சியைத் தொடர்வது அவசியம். கருவியைப் பயன்படுத்த அதன் உரிமையாளரின் அனுமதியும், முறைப்படி சரிபார்த்த தமிழ் வடிவமும் வேண்டும். ஆர்வத்தால் அவரவர் மொழிபெயர்த்துக்கொள்வது அளவீட்டைக் கெடுக்கும்.

இப்பயிற்சிக்குப் பெரிய கட்டடமோ பெரும் பொருட்செலவோ வேண்டியதில்லை. நோயாளியின் விடை மருத்துவச் சான்று என்ற உறுதி மருத்துவமனைக்கும், அந்த விடையைத் தாம் சொல்லாமல் பெற்றோரையே சொல்லவிட வேண்டும் என்ற தெளிவு குடும்பங்களுக்கும் வேண்டும். மூட்டு மாற்றிய தமிழ் மூதாட்டி ஒருவரின் நலம் மருத்துவமனையின் அறிக்கையில் ஓர் எண்ணாக ஏறும்போது, அவ்வெண் அவருடைய சொந்த விடையிலிருந்து வந்ததாக இருப்பது அவருடைய உரிமை. அந்த உரிமையைக் காக்கும் ஆற்றல் படிவத்துக்கு மட்டும் இல்லை. அதைக் கையிலேந்திக் கேட்பவரைப் பயிற்றும் பொறுப்பை மருத்துவமனைகளும் தமிழ்ச் சமூகமும் சேர்ந்து ஏற்கும்போதுதான் அது கைகூடும்.